எந்தப் பைத்தான் பதில் சொல்கிறது?

(காரியாபட்டியில் கணினி ஆசிரியர்கள் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)

அருப்புக்கோட்டையிலிருந்தும் திருச்சுழியிலிருந்தும் நரிக்குடிப் பக்கமிருந்தும் பஸ் மாறி வந்திருக்கிறீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் பெரிய விளக்கவுரை எதுவும் வேண்டாம். ஒரு செய்முறைத் தேர்வு நாளில் நான் செய்யவிருந்த ஒரு தவற்றையும், செய்தேவிட்ட ஒரு தவற்றையும் சொல்கிறேன். அதிலிருந்து, ஒரே கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட பைத்தான் இருந்தால் அதை எப்படி வைத்துக்கொள்வது என்ற விஷயத்துக்குப் போகலாம்.

2019-20 கல்வியாண்டில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலுக்குப் புதிய பாடநூல் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முன்பு ஸ்டார் ஆபீசும் சி பிளஸ் பிளசும் நடத்திக்கொண்டிருந்தோம். சி பிளஸ் பிளஸ் பதினொன்றாம் வகுப்புக்குப் போனது, பன்னிரண்டில் பைத்தான் வந்தது. நம்மில் பலரும் மாணவரோடு மாணவராக உட்கார்ந்து படித்த மொழி அது. அந்தத் தொடக்க ஆண்டுகளில் ஒன்றில் புறத்தேர்வராக ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். எந்தப் பள்ளி என்பது தேவையில்லை. என் பள்ளியிலும் அது நடந்திருக்கும்.

பதிவெண் வரிசைப்படி பிள்ளைகளை உட்கார வைத்திருந்தோம். பிற்பகல் குழுவில் ஒரு பெண். உண்மைப் பெயர் வேண்டாம், செல்வி என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவரின் பெயரையும் மதிப்பெண்ணையும் கேட்டு வாங்கி அச்சிடும் சின்ன நிரல்தான் அவளுக்கு வந்தது. தாளில் பிழையில்லாமல் எழுதியிருந்தாள். நிதானமாகத் தட்டச்சு செய்தாள். இயக்கினாள். பெயர் கேட்டது. தன் பெயரையே அடித்தாள். சிவப்பு எழுத்தில் நாலைந்து வரி வந்து விழுந்தது. கடைசி வரிக்கு என்ன பொருள் என்றால், செல்வி என்ற பெயர் வரையறுக்கப்படவில்லை என்று பொருள்.

மறுபடி இயக்கினாள். அதே வரி. பக்கத்துப் பிள்ளையின் பெயரை அடித்துப் பார்த்தாள். அந்தப் பெயரும் வரையறுக்கப்படவில்லையாம். நான் போய், “என்னம்மா?” என்று கேட்டேன். “சார், அதுக்கு என் பேரு தெரியலையாம்” என்றாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

நேரம் முடியப் பத்து நிமிடம்தான் இருந்தது. நிரலை வரி வரியாகப் பார்த்தேன், ஒரு குறையும் தெரியவில்லை. ஆனாலும் வெளியீடு வரவில்லையே. வெளியீட்டுக்கு உரிய இடத்தில் சுழியம் போடப் பேனாவைத் திறந்துவிட்டேன். அந்த நேரத்தில்தான் ஷெல் சாளரத்தின் மேல் வரி கண்ணில் பட்டது. அங்கே பைத்தான் 2.7 என்று இருந்தது.

அகத்தேர்வர் ஓடிவந்தார். அந்த ஒரு கணினியில் மட்டும் யாரோ, எதற்கோ, எப்போதோ 2.7-ஐயும் நிறுவிவைத்திருந்தார்கள். பைத்தான் 3 அதே கணினியில் இருந்தது. ஆனால் கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி ஐடிலில் திறந்தால், கடைசியாக நிறுவப்பட்ட 2.7-இன் ஐடில்தான் முந்திக்கொண்டு திறந்தது. செல்வி வருடம் முழுவதும் பயிற்சி செய்தது அடுத்த வரிசையில் இருந்த வேறொரு கணினியில். தொடக்கப் பட்டியலுக்குப் போய் பைத்தான் 3-இன் ஐடிலைத் தேடித் திறந்தோம். அதே நிரல், ஒரு எழுத்தும் மாற்றாமல், முதல் தடவையிலேயே ஓடியது.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. மதிப்பெண் பட்டியலைக் கையில் எடுத்தபோது எனக்கு வயிற்றில் ஏதோ பிசைந்தது. காலைக் குழுவில் அதே கணினியில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். மூன்று பாட மதிப்பெண்ணுக்குச் சராசரி காணும் நிரல் அவனுக்கு. 77, 82, 85 என்று உள்ளீடு கொடுத்தான். கூட்டினால் 244, மூன்றால் வகுத்தால் 81.33. திரையில் 81 என்று வந்திருந்தது. போதாததற்கு விடையைச் சுற்றி அடைப்புக்குறியும், ‘சராசரி’ என்ற சொல்லைச் சுற்றி மேற்கோள்குறியும் அச்சாகியிருந்தன. நான் அதைப் பார்த்துவிட்டு, வெளியீடு தவறு என்று மதிப்பெண்ணைக் குறைத்திருந்தேன். பையன் ஒன்றும் பேசவில்லை. “சரிங்க சார்” என்று எழுந்து போய்விட்டான்.

அவன் சேமித்துவைத்த கோப்பு அங்கேயே இருந்தது. பைத்தான் 3-இல் இயக்கினோம். 81.33 என்று தொடங்கி நீளமாக வந்தது. அடைப்புக்குறியும் இல்லை, மேற்கோள்குறியும் இல்லை. பட்டியலை அப்போது ஒப்படைத்திருக்கவில்லை. திருத்தி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். ஆனால் அந்தப் பையன் அதற்குள் ஊருக்குப் போய்விட்டான். தான்தான் தப்புச் செய்தோம் என்ற நினைப்போடு போயிருப்பான். அவனுக்கு யாராவது சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது.

இரண்டு பிள்ளைகளில் செல்வியினுடைய கோளாறு சத்தம் போட்டது. அதனால் பிடிபட்டது. பையனுடையது சத்தமே போடாமல் தவறான விடையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தது. நாம் பயப்பட வேண்டியது இரண்டாவது வகைக்குத்தான்.

என்ன நடந்தது என்பதை நீங்கள் பாதிப்பேர் ஊகித்திருப்பீர்கள். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசமும் அவரோடு இருந்தவர்களும், பழைய மொழியில் இருந்த சில குறைகளைச் சரிசெய்யத் துணிந்து, பழைய நிரல்கள் அப்படியே ஓடாது என்று தெரிந்தே ஒரு புதிய பதிப்பைக் கொண்டுவந்தார்கள். அதுதான் 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0. பழையதைப் பயன்படுத்தியவர்கள் சட்டென்று மாறவில்லை. 2.7-க்கு 2015-ஓடு ஆதரவை முடித்துக்கொள்வதாக இருந்தார்கள். பிறகு 2020 ஜனவரி 1 வரை நீட்டித்தார்கள். அதாவது, நம் பிள்ளைகள் புதிய பாடநூலில் பைத்தான் 3 படித்துக்கொண்டிருந்த அந்த முதல் கல்வியாண்டின் நடுவில்தான் பைத்தான் 2 முறைப்படி விடைபெற்றது. பதினோரு ஆண்டுகளுக்கு மேலாக இரண்டும் ஒரே பெயரோடு உலகம் முழுவதும் கணினிகளில் சேர்ந்து குடியிருந்தன.

பெயர் ஒன்று, குணம் வேறு. பைத்தான் 3-இல் ‘இன்புட்’ என்றால் விசைப்பலகையில் அடித்ததை எழுத்துச்சரமாக அப்படியே எடுத்துக்கொள்ளும். பைத்தான் 2-இல் அதே ‘இன்புட்’, அடித்ததை ஒரு கோவையாக நினைத்து மதிப்புக் காணப் பார்க்கும். எண் அடித்தால் பிரச்சினை இல்லை, எண்ணாகவே வரும். அதனால்தான் காலைக் குழுவில் எவருக்கும் அது தெரியவில்லை. பெயர் அடித்தால், அந்தப் பெயரில் ஒரு மாறி இருக்கிறதா என்று தேடிவிட்டு, இல்லை என்று சொல்லிவிடும். வகுத்தலும் அப்படித்தான். இரண்டு முழு எண்களை ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தால் பைத்தான் 2 பின்னத்தை வெட்டிவிடும், பைத்தான் 3 பின்னத்தோடு தரும். ‘பிரின்ட்’ பைத்தான் 2-இல் ஒரு கூற்று, 3-இல் ஒரு செயற்கூறு. ஆகவே அடைப்புக்குறிக்குள் காற்புள்ளி போட்டு இரண்டு பொருள்களைக் கொடுத்தால், பைத்தான் 2 அதை ஒரு டியூப்பிள் என்று எடுத்துக்கொண்டு அடைப்புக்குறியோடு அச்சிடும். பையனுடைய திரையில் வந்தது அதுதான்.

இதில் நம் மொழி சம்பந்தப்பட்ட ஒன்றும் உண்டு. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் சேமித்த கோப்பில், பைத்தான் 2-இன் சாதாரண எழுத்துச்சரம் 15 என்று சொல்லும். அது பைட்டுகளை எண்ணுகிறது. பைத்தான் 3 கேட்டால் 5. அது யூனிகோடு குறிகளை எண்ணுகிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் மூன்று எழுத்து என்று சொல்லும். அது சொல்வதுதான் சரி. அந்த மூன்றைக் கணினியிடமிருந்து வாங்க வேண்டுமானால், எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் மற்ற ஆர்வலர்களும் சேர்ந்து உருவாக்கிய ‘ஓப்பன் தமிழ்’ என்ற நிரல்தொகுப்பைப் பயன்படுத்தலாம். எழில் மொழியே பைத்தானில் எழுதப்பட்டதுதான். தமிழாசிரியரையும் கணினி அறைக்கு அழைத்துவந்து இந்த 15, 5, 3 கணக்கைக் காட்டுங்கள். என் பள்ளியில் அந்தப் பாடவேளை மணி அடித்த பிறகும் முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கணினியில் இரண்டு பைத்தான் இருப்பது தவறே இல்லை. ‘பைத்தான்’ என்று மொட்டையாகக் கூப்பிட்டால் யார் எழுந்து நிற்பார்கள் என்று நமக்குத் தெரியாமல் இருப்பதுதான் தவறு.

நம் பக்கத்து வகுப்பில் வருகைப்பதிவு எடுத்தவர்களுக்கு இது புதிதில்லை. ஒரே வகுப்பில் மூன்று கருப்பசாமி இருப்பான், இரண்டு பாண்டியம்மாள் இருப்பாள். வெறும் பெயரைச் சொன்னால் முதலில் காதில் விழுந்தவன் “உள்ளேன் ஐயா” என்பான். அதனால் தலைப்பெழுத்தோடு கூப்பிடுகிறோம். கணினியும் அப்படித்தான். கட்டளைத் திரையில் ஒரு பெயரை அடித்தால், ‘பாத்’ என்ற பட்டியலில் எழுதியிருக்கும் கோப்புறைகளை வரிசையாகத் தேடிப் போகும். எந்தக் கோப்புறையில் அந்தப் பெயர் முதலில் கிடைக்கிறதோ அதை இயக்கும். அடுத்ததைத் திரும்பிக்கூடப் பார்க்காது. விண்டோசில் ‘வேர்’ என்ற கட்டளையை அடித்து, பக்கத்தில் பைத்தான் என்று கொடுத்தால், பட்டியலில் எத்தனை பைத்தான், எந்த வரிசையில் இருக்கின்றன என்று காட்டிவிடும். முதல் வரியில் இருப்பதுதான் பதில் சொல்லப்போகிறது. விண்டோஸ் 10-இல் பைத்தானே நிறுவாத கணினியிலும் ஒரு வரி வந்து உங்களைக் குழப்பலாம். அது மைக்ரோசாப்ட் கடைக்குக் கூட்டிப்போகும் ஒரு பொம்மைக் கோப்பு, அவ்வளவுதான்.

தலைப்பெழுத்தோடு கூப்பிட விண்டோசில் நல்ல வழி ஒன்று உண்டு. பைத்தான் 3.3-லிருந்து, நிறுவும்போதே ஒரு சின்ன ஏவி கூட வந்துவிடுகிறது. அதன் பெயர் பி, ஒய் என்ற இரண்டே ஆங்கில எழுத்து. அந்த இரண்டு எழுத்தை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடு போட்டு, 3.8 என்று ஒட்டி எழுதினால் 3.8 எழுந்து வரும். 3.12 என்றால் 3.12 வரும். 2.7 என்றாலும் வரும். எண்ணே சொல்லாவிட்டால் இருப்பதில் புதியதை எடுக்கும். சிறு கோட்டுக்குப் பிறகு சுழியம் போட்டால், இந்தக் கணினியில் குடியிருக்கும் எல்லாப் பைத்தான்களையும் வரிசையாகக் காட்டும். திருச்சுழிக்காரர்கள் மறக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்: கோடு, சுழியம்.

நிரலுக்குள்ளேயே தலைப்பெழுத்தை எழுதிவைக்கவும் முடியும். கோப்பின் முதல் வரியில் எண் குறியும் ஆச்சரியக்குறியும் போட்டு, அதன்பின் பைத்தான் 3.8 என்று எழுதினால், ஏவி அந்த வரியைப் படித்து அந்தப் பதிப்பிலேயே இயக்கும். மற்றபடி பைத்தானுக்கு அது வெறும் குறிப்புரை, ஒன்றும் கெடாது. ஆனால் ஒன்று, ஐடிலில் திறந்து எஃப்5 அழுத்தினால் இந்த வரி வேலை செய்யாது. ஐடில் எந்தப் பதிப்பினுடையதோ அந்தப் பதிப்பில்தான் ஓடும். நம் பிள்ளைகள் எல்லாரும் ஐடில்தான் பயன்படுத்துகிறார்கள். ஆகவே நான் செய்வது இதுதான்: தேவையான பதிப்பின் ஐடிலுக்கு மட்டும் மேசைத்திரையில் ஒரு குறுக்குவழி வைத்து, அதன் பெயரிலேயே பதிப்பு எண்ணை எழுதிவிடுகிறேன். வலது பொத்தான் அழுத்தித் திறக்கும் பழக்கத்தைத் தேர்வு நாளில் அனுமதிப்பதில்லை. முதலில் ஐடில், பிறகு கோப்பு.

இன்னும் ஒரு பாதுகாப்பு. ‘சிஸ்’ என்ற தொகுதியைப் பிள்ளைகளுக்குத் தெரியும். பைத்தானிலிருந்து சி பிளஸ் பிளஸ் நிரலை இயக்கும் பாடத்தில் அது வருகிறது. அதே தொகுதியைக் கொண்டுவந்து ‘வெர்ஷன்’, ‘எக்சிகியூட்டபிள்’ என்ற இரண்டையும் அச்சிட்டால், எந்தப் பதிப்பு, எந்தக் கோப்புறையிலிருந்து ஓடுகிறது என்று அதுவே வாயைத் திறந்து சொல்லிவிடும். மூன்றே வரி. தேர்வுக்கு முந்தைய நாள் இந்த மூன்று வரியை எல்லாக் கணினியிலும், மாணவர்கள் எப்படித் திறப்பார்களோ அப்படியே திறந்து இயக்கிப் பார்க்கிறேன். எனக்கு இருபது நிமிடம் ஆகிறது.

அந்தப் பாடத்தைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். டெவ் சி பிளஸ் பிளசுக்குள் ஒரு தொகுப்பி இருக்கிறது. தனியாக மின்ஜிடபிள்யூ நிறுவியிருந்தால் அதிலும் ஒன்று இருக்கிறது. பைத்தானிலிருந்து கூப்பிடும்போது எது வருகிறது என்பதும் இதே ‘பாத்’ விவகாரம்தான். பெயர்தான் வேறு.

லினக்சுக்கு வருவோம். விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசோடு பாஸ் லினக்சும் சேர்ந்து வந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது அது. அண்ணன், அக்கா வாங்கிய மடிக்கணினியைத் தம்பி, தங்கை வைத்துப் படிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. டெபியன் குடும்பத்துப் பழைய பதிப்புகளில் ‘பைத்தான்’ என்று அடித்தால் 2.7 வரும், ‘பைத்தான்3’ என்று எண்ணைச் சேர்த்து அடித்தால்தான் 3 வரும். 2021-இல் வந்த டெபியன் 11-இல் பழைய வழக்கத்தை விட்டுவிட்டார்கள். பிள்ளை வீட்டில் எண் இல்லாமல் அடித்துப் பழகி, “சார், வீட்டில ஓடுது, இங்க ஓடல” என்றோ, அதற்குத் தலைகீழாகவோ வந்து நிற்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, என் சொந்தச் செலவில் வாங்கியது. பைத்தான் 2 எதற்கு என்று என் லினக்ஸ் கணினியிலிருந்து அதை நீக்கச் சொன்னேன். இதோடு சேர்த்து இன்னின்னவும் நீங்கும் என்று ஒரு நீளப் பட்டியல் ஓடியது. படிக்காமல் ‘ஆம்’ என்று அழுத்தினேன். அடுத்த நாள் கணினியைத் திறந்தால் கறுப்புத் திரையும் ஒரு சின்னக் கோடும்தான். மேசைத்திரையின் பல கருவிகள் அந்தப் பழைய பைத்தானை நம்பித்தான் இருந்திருக்கின்றன. இயங்குதளம் தனக்காக வைத்திருக்கும் பைத்தான் நம்முடையது அல்ல. அதை நீக்கவும் வேண்டாம், அதன் பெயரைத் திருப்பி வேறொன்றோடு கட்டவும் வேண்டாம். நமக்கு வேண்டியதை அதன் பக்கத்தில் தனியாக வைத்துக்கொள்வோம்.

விண்டோசில் அப்படியில்லை. அங்கே பைத்தான் நாம் கொண்டுவந்து வைத்த பொருள். யாருக்கும் பயன்படாத 2.7 ஒன்று கிடந்தால் தாராளமாக நீக்கிவிடுங்கள். பழையதைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை.

ஆனால் 2.7-ஐ நீக்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். 3-க்குள்ளேயே பதிப்புகள் இருக்கின்றன. இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் விண்டோஸ் 7 கணினி இன்னும் ஓடுகிறது. விண்டோஸ் 7-இல் நிறுவ முடிகிற கடைசி வரிசை 3.8. 3.9-இன் நிறுவியைக் கொண்டுபோய்ப் போட்டால் அது மறுத்துவிடும். அதைவிடப் பழைய எக்ஸ்பி என்றால் 3.4-ஓடு சரி. புதிதாக வந்த கணினியிலோ 3.12-ஓ அதற்கு மேலோ இருக்கும். ஒரே அறையில் இரண்டு தலைமுறை.

வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் கடிக்கும். அகராதி என்ற பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 3.5-லும் அதற்கு முன்பும் அகராதியை அச்சிட்டால் சாவிகள் எந்த வரிசையில் வரும் என்று சொல்ல முடியாது. ஒரு தடவை ஒரு வரிசை, மறு தடவை வேறு வரிசை வரலாம். 3.7-லிருந்துதான் நாம் கொடுத்த வரிசையிலேயே வரும் என்று மொழி உறுதி தருகிறது. பதிவேட்டில் எழுதிய வெளியீடும் திரையில் வந்த வெளியீடும் மாறியிருந்தால், புறத்தேர்வராகப் போகிறவர்கள் சிவப்பு மையை எடுக்கும் முன் பதிப்பைப் பாருங்கள். எஃப் எழுத்தை முன்னால் போட்டு எழுதும் சரம் 3.6-லிருந்துதான் உண்டு. யூடியூபில் பார்த்து ‘மேட்ச்’, ‘கேஸ்’ எழுதிவரும் கெட்டிக்காரப் பிள்ளைக்கு 3.10 வேண்டும். 3.8-இல் அது தொடரியல் பிழை. அந்தப் பிள்ளை தவறாக எழுதவில்லை.

அதிகம் தலைவலி கொடுப்பது கடைசிப் பாடம், மேட்பிளாட்லிப். ‘பிப்’ போட்டு நிறுவினோம், வெற்றி என்று வந்தது, ஐடிலில் கொண்டுவந்தால் அப்படி ஒரு தொகுதியே இல்லை என்கிறது. நீங்கள் தலையாட்டுவதைப் பார்த்தாலே தெரிகிறது. காரணம் இதுதான். ஒவ்வொரு பைத்தானுக்கும் தனித்தனிப் பிப் உண்டு. மொட்டையாகப் பிப் என்று அடித்தால் ‘பாத்’ வரிசையில் முன்னால் நிற்கிற பைத்தானின் பிப் ஓடும். சாமான் அந்த வீட்டில் இறங்கிவிடும். நீங்கள் வேறு வீட்டில் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஆகவே பிப்பை ஒருபோதும் தனியாகக் கூப்பிடாதீர்கள். பி-ஒய், கோடு 3.8, பிறகு கோடு எம், பிறகு பிப் என்று கொடுங்கள். எந்தப் பைத்தானோ அதன் பிப்தான் ஓடும், குழப்பமே இல்லை.

இணையம் நின்று நின்று வரும் பள்ளிகளில் நாம் பென்டிரைவில் கொண்டுபோவோம். அந்தக் கோப்புகளின் பெயரை ஒரு தடவை படித்துப் பாருங்கள். சி, பி எழுத்துக்குப் பின் 38 என்று இருந்தால் அது பைத்தான் 3.8-க்கு மட்டும். 312 என்றால் 3.12-க்கு. கடைசியில் வின்32 என்று இருந்தால் 32 பிட் பைத்தானுக்கு, ஏஎம்டி64 என்று இருந்தால் 64 பிட் பைத்தானுக்கு. கணினி 64 பிட்டாக இருந்தும் பைத்தான் 32 பிட்டாக நிறுவப்பட்டிருக்கலாம். பார்க்க வேண்டியது பைத்தானை. பொருந்தாததைக் கொடுத்தால் இந்தத் தளத்துக்கு இது ஏற்றதல்ல என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடும். நல்ல இணையம் இருக்கும் இடத்தில், அதே பதிப்பும் அதே பிட்டும் உள்ள கணினியில் பிப்பின் ‘டவுன்லோட்’ கட்டளையைக் கொடுத்தால், மேட்பிளாட்லிப்புக்கு வேண்டிய நம்பை முதலான துணைத் தொகுப்புகளையும் சேர்த்து இறக்கித் தரும். அந்தக் கோப்புறையை அப்படியே பென்டிரைவில் எடுத்துப் போங்கள். இன்னொன்று, மேட்பிளாட்லிப்புக்கும் தனியாகப் பதிப்பு எண் உண்டு. பைத்தான் 3.8-இல் ஓடும் மேட்பிளாட்லிப்பின் கடைசி வரிசை 3.7. இந்த இரண்டு எண்ணும் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. ஒரு ஆசிரியர் தொலைபேசியில் என்னிடம் அரை மணி நேரம் இதற்காகச் சண்டை போட்டார். அவர் இங்கே உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டு குழுக்களுக்கு இரண்டு விதமான தொகுப்பு தேவைப்பட்டால், ‘வென்வ்’ என்ற வசதி பைத்தான் 3.3-லிருந்து உள்ளேயே இருக்கிறது. நம் கரிசல் காட்டில் குதிரைவாலி விதையையும் கம்பு விதையையும் ஒரே குலுக்கையில் கொட்டமாட்டோம் அல்லவா. அதுபோல ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனிக் கோப்புறை. எந்தப் பைத்தானைக் கொண்டு அதை உருவாக்கினோமோ அந்தப் பைத்தானையே அது பிடித்துக்கொள்ளும், அதற்குள் நிறுவியது வெளியே கசியாது. ஆனால் அந்தக் கோப்புறையை நகலெடுத்து அடுத்த கணினிக்குக் கொண்டுபோகாதீர்கள். அதற்குள் பழைய கணினியின் கோப்புறை முகவரி பதிந்திருக்கும், அங்கே போய் விழிக்கும். என்னென்ன தொகுப்பு என்ற பட்டியலை மட்டும் எடுத்துப்போய், அங்கே புதிதாக உருவாக்குங்கள். உண்மையைச் சொன்னால், பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்துக்கு மட்டும் என்றால் இது தேவையே இல்லை. போட்டிகளுக்குச் செயல்திட்டம் செய்யும் பிள்ளைகள் இருந்தால் பயன்படும்.

அப்படியானால் ஆய்வகத்துக்கு எந்தப் பதிப்பு? என் முடிவைச் சொல்கிறேன், நீங்கள் மறுக்கலாம். விண்டோஸ் 7 கணினி ஒன்றே ஒன்று இருந்தாலும், எல்லாக் கணினியிலும் 3.8 இருக்கட்டும். தேர்வு அதில்தான் நடக்கட்டும். புதிய கணினிகளில் அதன் பக்கத்திலேயே புதிய பதிப்பும் இருக்கட்டும், ஆர்வமுள்ளவர்கள் அதில் விளையாடட்டும். 3.8-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 அக்டோபரோடு நின்றுவிட்டன என்பது எனக்குத் தெரியும். இணையத்துக்குத் திறந்துவைக்கும் எதையும் அதில் செய்ய வேண்டாம். பாடநூல் நிரலுக்கு அது போதும். விண்டோஸ் 7 கணினி அறையை விட்டு வெளியேறும் நாளில் 3.8-ம் வெளியேறலாம். ஆனால் அந்த மாற்றத்தைக் கல்வியாண்டின் நடுவில் செய்யாதீர்கள். ஜூன் மாதத்தில் செய்யுங்கள். ஜனவரியில் செய்தால் பிள்ளைகள் பழகியதெல்லாம் வீண்.

ஏவிக்கு எண் சொல்லாவிட்டால் புதியதை எடுத்துவிடுமே என்று ஒருவர் காலையில் கேட்டார். நல்ல கேள்வி. விண்டோசின் சூழல் மாறிகள் பகுதியில் பி-ஒய், அடிக்கோடு, பைத்தான் என்று பெரிய எழுத்தில் ஒரு மாறியை உருவாக்கி, அதற்கு 3.8 என்று மதிப்புக் கொடுத்துவிடுங்கள். அதன்பிறகு எண் சொல்லாமல் கூப்பிட்டாலும் 3.8 எழுந்து நிற்கும்.

நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். கணினிக்கு ஒரு பக்கம். எந்த விண்டோஸ், எந்தெந்தப் பைத்தான், எத்தனை பிட், மேட்பிளாட்லிப் இருக்கிறதா, கடைசியாக யார் என்ன நிறுவினார்கள், தேதி. அவ்வளவுதான். அந்தப் பள்ளியில் அன்றைக்கு அப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால், காலை ஒன்பது மணிக்கே அந்தக் கணினியை ஒதுக்கியிருப்போம்.

பேசியது போதும். இந்த அறையில் கணினிகள் இருக்கின்றன, மின்சாரமும் இப்போதைக்கு இருக்கிறது. ஒவ்வொன்றிலும் கோடு, சுழியம் போட்டு யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்போம். முதல் கணினியில் யார் உட்காருகிறீர்கள்?